ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு மாடு

குளோனிங் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்கப் போகிறீர்களா? நல்லது, தாராளமாகச் செய்யுங்கள். ஆபீசில் இருக்கும் போட்டோஸ்டேட் மெஷின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். நான் போனேன். அதனால் வந்த வினையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈப்போ வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர், "டீச்சர், உங்கள் பாடக்குறிப்பெல்லாம் கொடுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். பாடக்குறிப்பு எதற்கு? அதை நீங்கள் என்னைவிட அழகாகத் தயாரிப்பீர்கள். வண்ண வண்ணமாகப் படம் வேறு ஓட விடுவீர்கள். என்னிடம் இருப்பது நான் வழுக்கி விழுந்த இடங்களின் கணக்குதான். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் பள்ளி ஜெலாப்பாங் பக்கம். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். ஒருநாள் தர்ஷினி என்ற பெண் கையைத் தூக்கி, "டீச்சர், ஒரு ஆட்டுலேர்ந்து அதே மாதிரி இன்னொரு ஆடு செஞ்சாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது. அதற்காக விடுவேனா? எனக்குக் குரல் பெரிசு, ஆர்வம் அதைவிடப் பெரிசு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டேன்.

நீங்களும் இப்படித்தான் ஆரம்பிக்கலாம், இந்தப் பகுதியில் தப்பே இல்லை. உதாரணத்துக்குக் கறிபாப் பலகாரத்தை எடுத்துக்கொண்டேன். "ஒரு கறிபாப்பின் உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கை எல்லாம் நோண்டி எடுத்துவிடுகிறோம். வெறும் மாவுக்கூடு இருக்கிறது. அதற்குள் இன்னொரு கறிபாப்பில் இருந்த சார்டின் மீனை வைத்து மூடிவிட்டால், அது எந்தக் கறிபாப்?" "சார்டின்!" என்று வகுப்பே கத்தியது. அவ்வளவுதான் விஷயம் என்றேன். ஒரு பெண் ஆட்டின் முட்டையணுவில் இருக்கும் உட்கருவை எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு ஆட்டின் உடம்பிலிருந்து எடுத்த உயிரணுவின் உட்கருவை அதற்குள் வைக்கிறார்கள். அது வளர ஆரம்பித்ததும் மூன்றாவது ஆட்டின் வயிற்றில் வைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்தது அந்தக் குட்டி. மூன்று அம்மா, அப்பாவே கிடையாது!

அன்றைக்கு வகுப்பில் எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "மூணு அம்மாவா!" என்று ஒருத்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மூணு பேரும் திட்டுவாங்களா டீச்சர்?" என்று இன்னொருத்தி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த மகிழ்ச்சிக்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம்?

அங்கே நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அமர்க்களமாக முடிக்க வேண்டும் என்று ஆசை. பிள்ளைகளை வரிசையாக ஆபீசுக்கு அழைத்துப்போய் ஒரு மாட்டின் படத்தைப் போட்டோஸ்டேட் மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்தேழு மாடுகள் வந்து விழுந்தன. ஆளுக்கொன்று கொடுத்தேன். "இதுதான் குளோனிங்! ஒரே ஒரு உயிரணு போதும், அதே மாடு திரும்ப வந்துவிடும்!" என்று சொன்னேன். கைதட்டல். மணியும் அடித்தது.

மீதியை அடுத்த பாடத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த பாடம் விளையாட்டுப் போட்டிப் பயிற்சியில் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, காலை ஓய்வு நேரத்தில் பள்ளிக் கந்தீன் சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஓர் அலறல். கந்தீன் நடத்தும் பரமேஸ் அக்கா சாதாரணமாகப் பயப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்கு ஐஸ்பெட்டிக்கு நாலடி தள்ளி நின்று கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! இங்க வந்து பாருங்கலா! யாரோ என் பிரீசருக்குள்ள செய்வினை வச்சிட்டாங்க!"

கோழி நகெட் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு ஐஸ்கிரீம் டப்பா. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கொத்துப் பழுப்பு நிற முடி, சிவப்பு நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பரமேஸ் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் அந்தப் பக்கத்துக் கடைக்காரி என்னையே மொறச்சுப் பாத்தா டீச்சர். அப்பவே நெனச்சேன்."

"கொஞ்சம் இருங்கக்கா" என்று மூடியைத் திருப்பினேன். மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'சிட்டு. தயவுசெய்து தொடாதீர்கள். உயிரணு.' எழுத்து தர்ஷினியுடையது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நிமிடத்துக்குத்தான்.

தர்ஷினி தட்டைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள். "டீச்சர், தூக்கிப் போட்டுடாதீங்க! எங்க வீட்டு ஐஸ்பெட்டிக்கு நாளைக்குக் கரண்ட் கட் பண்ணிடுவாங்க. கெட்டுப்போயிடும்லா. அதான் இங்க வச்சேன்."

"சிட்டு யாரும்மா?"

"எங்க மாடு டீச்சர். இன்னைக்கு மூணு மணிக்கு லோரி வந்து ஏத்திட்டுப் போயிடும். பரவால்ல, நான் சரின்னு சொல்லிட்டேன். இந்தத் தடவ அழவே இல்ல. அப்பா சந்தோசத்துல ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்தாரு." அவள் டப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நான் பெரியவளாயி சயின்ஸ் படிச்சி சிட்டுவ திரும்பக் கொண்டாந்துடுவேன். நீங்கதானே சொன்னீங்க."



டப்பாவை மறுபடி பிரீசரில் வைக்கச் சொல்லிவிட்டு நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் எனக்கு மூத்தவர், நிதானமானவர், என் அவசர புத்தியிலிருந்து என்னைப் பலமுறை காப்பாற்றியவர். முழுக் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. தர்ஷினியின் குடும்பம் லகாட்டுக்கு அந்தப் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து வீட்டில் இருந்தது. அந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வருகிறது. குடும்பம் சிலிபினில் ஒரு பிளாட்டுக்கு மாறுகிறது, நான்காவது மாடி. மாட்டை எங்கே கட்டுவது? தைப்பிங் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அவர் முதல் தடவை வந்தபோது இந்தப் பெண் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்ட கூச்சலில், அவர் வெறும் லோரியோடு திரும்பிப் போய்விட்டார். இன்னொரு தடவைதான் வருவேன், அதற்கு மேல் முடியாது என்றும் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை மாட்டுக் கொட்டாயை இடிக்க ஆட்கள் வருகிறார்கள்.

"இப்பத்தான் அந்தப் புள்ள மனசு ஆறியிருக்கு" என்றார் தலைமையாசிரியர். "நீங்க ஒன்னும் சொல்லாதீங்க டீச்சர். மூணு மணி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க. மாடு போவட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் உண்மையைச் சொன்னால் பெண் மறுபடி மாட்டைக் கட்டிக்கொள்வாள், லோரி திரும்பிப் போகும், திங்கட்கிழமை அந்த மாட்டின் கதி என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். என் பொய்யால் முடியும், அவ்வளவுதான்.

சரி என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அறிவியல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக் குவளைகளை அடுக்கினேன், திரும்பக் கலைத்தேன், திரும்ப அடுக்கினேன். பதினோரு மணிக்குத் தர்ஷினியே எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

"டீச்சர், ஒரு கேள்வி. சிட்டு திரும்ப வந்தா, நான் நாக்கைச் சொடக்குப் போட்டுக் கூப்டா ஒடனே ஓடியாந்துடும்ல? அதுக்கு ஞாபகம் இருக்கும்ல?"

என்னால் முடியவில்லை. மூன்று மணி வரைக்கும் என்ன, மூன்று நிமிடத்துக்குக்கூட முடியவில்லை. "உள்ள வாம்மா, உக்காரு" என்றேன்.

அவள் வகுப்பில் இரட்டையர் இருவர் இருந்தார்கள், கௌதமும் கார்த்திக்கும். அச்சு அசலாக ஒரே முகம். அவர்களை வைத்துத்தான் சொன்னேன். "அவங்க ரெண்டு பேரும் ஒரே கருவா இருந்து ரெண்டாப் பிரிஞ்சு வந்தவங்க. குளோனிங்ல வர்றதும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான், ஆனா பல வருசம் கழிச்சுப் பொறக்கிற இரட்டை. நீ கௌதம் காதுல ஒரு ரகசியம் சொன்னா கார்த்திக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மாதிரிதாம்மா. சிட்டுவோட உயிரணுவிலேர்ந்து ஒரு மாடு வந்தாலும் அது கன்னுக்குட்டியாத்தான் வரும். வேற மாட்டு வயித்துலேர்ந்து வரும். உன்னை அதுக்குத் தெரியாது. சிட்டு நெத்தியில வெள்ளைச் சுட்டி இருந்தாக்கூட, இதுக்கு அதே எடத்துல, அதே அளவுல வராது. அதுவும் நல்ல ஆய்வகம் இருந்து, பல தடவை முயற்சி பண்ணி ஒரு தடவை பலிச்சாதான். ஐஸ்பெட்டியில வச்ச முடி போதாது. போட்டோஸ்டேட் மாதிரின்னு நான் சொன்னது தப்பு. அரைகுறையாச் சொல்லி உன்னை ஏமாத்திட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு அதுதான் முதல் முறை. வெட்கமாகத்தான் இருந்தது. நாக்கு ஒன்றும் அறுந்து விழுந்துவிடவில்லை.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. முகம் சிவந்து எழுந்து நின்றாள். "மூணு நாளா நான் கொட்டாய் பக்கமே போவல டீச்சர்! திரும்பத்தான் வரப்போவுதேன்னு டீவி பாத்துக்கிட்டு இருந்தேன்! அது என்னைத் தேடியிருக்கும்லா!"

அதுவரைக்கும் நான் கெடுத்தது ஒரு விளக்கத்தை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவள் சிட்டுவோடு இருந்திருக்க வேண்டிய கடைசி மூன்று நாட்களையும் சேர்த்தே பறித்திருக்கிறேன்.

உடனே அவள் அப்பா சேகருக்கு போன் போட்டேன். அவர் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாட்டுக்காக அன்றைக்கு லீவு. நடந்ததை மறைக்காமல் சொல்லி, பிள்ளையை அழைத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"ஏன் டீச்சர் சொன்னீங்க?" என்றார். கோபப்படக்கூட முடியாத அளவுக்குக் களைத்திருந்தது குரல். "ஒரு நாளு பொறுத்திருக்கலாம்ல? லோரி சீக்கிரமே வந்துருச்சு. இப்பவே வாசல்ல நிக்குது. சரி, கூட்டிட்டு வாங்க. ஆனா இன்னைக்கு இவரு திரும்பிப் போயிட்டாருன்னா நான் என்ன செய்வேன்னு தெரியலலா."

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. வெளியே செல்வோர் பதிவேட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாத்து ஓட்டுங்க" என்றார்.

பார்த்து ஓட்டினேன் என்று சொல்ல ஆசைதான். தொழிற்சாலை லோரிகளுக்கு நடுவே என் சின்னக் காரை நுழைத்து நுழைத்து ஓட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் தர்ஷினி, "பச்ச, பச்ச, பச்ச" என்று முணுமுணுத்தாள். நடுநடுவே கேள்வி வேறு. "அந்தக் கன்னுக்குட்டிக்கு சிட்டு அம்மாவா, அக்காவா?" "வயித்துல சுமந்த மாட்டோட பாலைத்தான் குடிக்குமா?" இவ்வளவு கோபத்திலும் துக்கத்திலும் அவளுக்குக் கேள்வி நிற்கவில்லை! நானும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல பாடம் அந்தக் காருக்குள் எடுத்ததுதான்.

செம்மண் சாலை முடியும் இடத்தில் லோரி நின்றது. பின்பக்கக் கதவைத் திறந்து பலகை சாய்த்திருந்தார்கள். பலகைக்கு முன்னால் சிட்டு. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. சேகர் கயிற்றை இழுக்கிறார், லோரியை ஓட்டிவந்த அந்தப் பண்ணைக்காரர் பின்னால் தள்ளுகிறார், அது அசையவில்லை. இரண்டு பேரும் வேர்வையில் குளித்திருந்தார்கள். அரை மணி நேரமாக இதே பாடு என்று பிறகு தெரிந்தது.

கார் நிற்பதற்குள் தர்ஷினி கதவைத் திறந்துவிட்டாள். நாக்கைச் சொடக்குப் போட்டாள். சிட்டுவின் காது இரண்டும் இந்தப் பக்கம் திரும்பின. கயிற்றைப் பிடித்திருந்த சேகரையும் இழுத்துக்கொண்டு அது அவளை நோக்கி வந்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"மூணு நாளா வரலன்னு கோவமா? கோவமா சிட்டு? எனக்குத் தெரியாதுலா. நெசமாத் தெரியாது."

லோரிக்காரர் சேகரைப் பார்த்தார். சேகர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். லோரிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பிப் போகத் தயாராகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சேகர் மகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, அப்பாவுக்கு வேற வழி தெரியலடா" என்றார்.

எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் அழுது முடித்தாள். பள்ளிச் சீருடையின் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு லோரிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, அங்க வேற மாடு இருக்கா?"

"இருக்கு பாப்பா. இருவதுக்கு மேல இருக்கு."

"முட்டுமா?"

"புதுசா வர்றத ரெண்டு நாளு தனியாத்தான் கட்டுவோம். அப்புறம் சேந்துக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, பலகையில் முதல் ஆளாக ஏறினாள். மேலே நின்று திரும்பி நாக்கைச் சொடக்குப் போட்டாள். சிட்டு ஒரு காலைப் பலகையில் வைத்தது. முகர்ந்து பார்த்தது. இன்னொரு காலை வைத்தது. இரண்டு ஆண்கள் அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் ஏறாத மாடு, பத்து வயதுப் பெண் பின்னால் தானாக நடந்து ஏறிவிட்டது. சேகர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

தர்ஷினி கீழே இறங்கி வந்ததும், லோரிக்காரர் கதவை ஏற்றிப் பூட்டிவிட்டுத் தன் இடத்தில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். தர்ஷினி ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, உங்க போன்ல குரல் பதிவு பண்ணிக்கிறீங்களா? நான் சொல்றேன்."

"என்ன பாப்பா?"

"சிட்டு பத்தி. இதெல்லாம் அது முடியில இருக்காதுண்ணே. யாராச்சும் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும்." அவர் போனை நீட்டினார். அவள் நுனிக்காலில் நின்று அதன் பக்கம் வாயைக் கொண்டுபோனாள். "நீல வாளியில தண்ணி வச்சாக் குடிக்காது. கொடை விரிச்சாப் பயந்துடும். எடது கொம்புக்குக் கீழ சொறிஞ்சிவுட்டா ரொம்பப் புடிக்கும், வலது பக்கம் புடிக்காது. மழ வர்றதுக்கு முன்னாடி கத்தும், அதுக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனச்சிராதீங்க…"

லோரிக்காரர் இரண்டு நிமிடம் கேட்டார். "இன்னும் நெறைய இருக்கா பாப்பா?"

"நெறைய இருக்குண்ணே."

அவர் எஞ்சினை அணைத்தார்.